அணைந்த நிலையில் காணப்பட்டது

போன மாதம் ரம்யா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற சைபர் பிரிவில் இப்போது அவர்தான் இன்ஸ்பெக்டர்.

"சாருங்க, நல்லா இருக்கீங்களா? ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. மெமரி ஃபாரன்சிக்ஸ் டூல் ஒண்ணு வாங்கோணுமாம். நிபுணர்னு உங்க பேரக் குடுத்துட்டனுங்க."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் வரும் வடகரப்பதியில் என் சொந்த வீட்டில், சாம்பாரில் உப்பு போதுமா என்றுகூட யாரும் என் கருத்தைக் கேட்டதில்லை. நிபுணர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுநாள் ஒரு படிவம் வந்தது. நாற்பத்து மூன்று கேள்விகள். அறிக்கை வண்ணத்தில் வருமா? துறையின் முத்திரையை மேல் மூலையில் பதிக்க வசதி உண்டா? கருவியின் எடை என்ன? மென்பொருளுக்கு எடை கேட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கருவி சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கணினிக்குள் இரண்டு இடம் உண்டு. ஹார்ட் டிஸ்கில் எழுதியது பெட்டியை அணைத்தாலும் இருக்கும். மெமரி என்பது பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. இந்த நிமிடம் என்னென்ன நிரல் ஓடுகிறது, யாரோடு தொடர்பில் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். மின்சாரம் போனால் பலகை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். கெட்டிக்காரத் திருடன் டிஸ்கில் எதையும் விட்டுவைக்க மாட்டான். அந்தப் பலகையை அப்படியே படியெடுத்து வாசிப்பதுதான் மெமரி ஃபாரன்சிக்ஸ்.

என்னை இந்தப் பிரிவில் சேர்த்ததற்குக் காரணம், ஸ்டேஷனில் பத்து விரலாலும் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே கான்ஸ்டபிள் நான். பயிற்சி என்று மூன்று நாள் நடந்தது. முதல் நாள் தொடக்க விழா, மூன்றாம் நாள் நிறைவு விழா. நடுவில் இருந்த நாளில் ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சம்பவ இடத்துக்குப் போனால் முதல் வேலை, வயரைப் பிடுங்கு. பிறகு துணியில் கட்டு, அரக்கு வைத்து முத்திரையிடு. நான் அதைக் கற்றதோடு நிற்கவில்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் வகுப்பெடுத்தேன். ஒரு கை பிளக்கைப் பிடுங்குகிற படம் போட்டுச் சுவரொட்டிகூட அடித்தோம். அந்தக் கை என்னுடையது.

அந்தக் காலத்தில்தான் மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பால் சங்கத்தில் உறுப்பினர் பட்டியல் முழுவதும் அழிந்துபோனது. அடுத்த வாரம் சங்கத் தேர்தல். கணினியில் உட்காருகிறவர் தங்கவேல் என்ற முப்பது வயதுக்காரர். நாங்கள் போனபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஓரமாக நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

"ஏனுங்க சார், மவுஸு தானா ஓடுச்சுங்க. நான் கைய எடுத்துட்டுப் பாத்துட்டேதான் நின்னனுங்க."

"பேய் வந்து ஓட்டுச்சாக்கும்?" என்றேன்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த மாட்டுத்தீவனக் கடை காதர் பாய் சிரித்தார். மரியாதைக்காகத் தங்கவேலும் சிரித்தார். நான் குனிந்து வயரைப் பிடுங்கினேன்.

அப்புறம் மஹசர் எழுதினேன். மேசை நாற்காலியின் நிறம் உட்பட, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி ஊரார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் மஹசர். அதில் கணினிக்கென்று நாங்கள் எல்லோரும் எழுதும் ஒரு வாசகம் உண்டு. 'மேற்படி சாதனம் அணைந்த நிலையில் காணப்பட்டது.' யார் அணைத்தது என்று அந்த வாசகம் யாரையும் கேட்காது. டிஸ்கைத் துருவிப் பார்த்துவிட்டு, 'வெளியாள் நுழைந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை' என்று அறிக்கையும் கொடுத்தேன். தங்கவேல் ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை. வேலை போனது. பட்டியலை அழித்தவன் என்ற பேரை ஊர் கொடுத்தது. அப்படி ஒரு பேரைக் கொடுத்தால் ஊர் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை.

சில வருடம் கழித்து இன்னொரு பயிற்சி. இந்த முறை வந்த வாத்தியார் முதல் நாளே சொன்னார்: ஓடுகிற கணினியில் எக்காரணம் கொண்டும் முதலில் வயரைப் பிடுங்காதீர்கள், மெமரியைப் படியெடுங்கள். இத்தனை நாள் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. புதிய சுற்றறிக்கை வந்தது, பழைய சுவரொட்டியைக் கிழித்தார்கள், முடிந்தது கதை. எனக்கு மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் மீனாட்சிபுரத்து மவுஸ் ஞாபகத்துக்கு வந்தது. தங்கவேலைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் நான் மாநில அளவில் பரிசு வாங்கக்கூடியவன்.

பிறகு பதவி உயர்வு என்று சொல்லி என்னை இடுக்கி மலைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி குரியன் சார், டிவைஎஸ்பி. மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழை மலையாளம் கலந்துதான் பேசுவார். அவருக்கு மஹசரில் ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் நிறம் இருக்க வேண்டும். மேசையா, என்ன நிறம்? நாற்காலியா, சாய்மானம் என்ன நிறம், கால் என்ன நிறம்? நான் எழுதிக்கொண்டே போவேன். பின்னால் கைகட்டி நின்று தலைக்கு மேலாக வாசிப்பார்.

"சண்முகா, கலர் எழுதியோ? கோர்ட்டுல நெறம் சொல்லாத சாதனம், இல்லாத சாதனம் தன்னே."

ஒருமுறை சுவரில் ஓடிய பல்லிக்கும் நிறம் கேட்பார் என்று பயந்து, அது போகும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பிரிவுக்கு மெமரி ஃபாரன்சிக்ஸ் கருவி தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். விற்க வந்த இளைஞர் கோட்டும் டையுமாக வந்து, திரையில் வட்ட வரைபடங்களைச் சுழலவிட்டார். வண்ணம் வண்ணமாக நூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை அச்சாகி விழுந்தது. குரியன் சார் ஒவ்வொரு பக்கத்தையும் தடவிப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பெண் பிடித்துவிட்டது என்று. அதற்கு டாங்கிள் என்று விரல் நீளத்தில் ஒரு செருகி உண்டு. அது இல்லாமல் கருவி ஓடாது. அதை சிவப்பு நாடாவில் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டி, எடுப்பதற்கு ஒரு ரெஜிஸ்டரும் போட்டார்.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவி இருக்கிறது, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பென் டிரைவிலிருந்தே ஓடும், மெமரியில் அதிக இடமும் பிடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஓசியில கிட்டுற சாதனத்துக்கு கோர்ட்டுல வெலையில்லா சண்முகா" என்றார். ஆனாலும் அதை என் சாவிக்கொத்துப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். ரெஜிஸ்டரில் ஏறாத ஒரே கருவி அதுதான்.

ஐப்பசி மாதம். ஆனைக்கரைக்கு மேலே ஓர் அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மண் சரியும் இடங்களில் இருந்த லயங்கள் எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளிலிருந்து குடும்பங்களை மாற்றி, புது வீடு கொடுப்பதற்கான பட்டியல் அங்கேதான் இருந்தது. அன்று காலை மூன்று குடும்பத்தின் பெயர்கள் அழிந்து, யாரோ மூன்று பேர் உள்ளே வந்திருந்தார்கள். பட்டியல் எஸ்தர் என்ற ஒப்பந்தப் பணியாளரின் பெயரில் திறக்கப்பட்டிருந்தது. அவர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவரின் மகள், அவரும் அந்த லயங்களில் ஒன்றில்தான் குடியிருந்தார். செயலாளர் உடனே அறையைப் பூட்டி, எஸ்தரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார். நாங்கள் போகும்போது வாசலில் லயத்து ஆட்கள் இருபது பேர் நின்று அவரைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறையைத் திறந்தார்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் உள்ளே வந்து, அழாமல், ஆனால் கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"சார், நான் தொடவே இல்ல சார். டீ குடிக்க எந்திரிச்சேன், மவுஸ் தானா ஓடுது. லிஸ்ட்டு தெறக்குது, மூணு பேரு அழியுது. என்ன செய்யன்னு தெரியாம வாயப் பொளந்துக்கிட்டு நின்னுட்டேன். அதுல ஒரு பேரு எங்க பக்கத்து வீட்டு அக்கா சார். நானே அழிப்பேனா?"

"மவுஸ் தனியே ஓடியோ? கொள்ளாம், நல்ல கத" என்று குரியன் சார் சிரித்தார்.

தங்கவேல் சொன்ன அதே வாக்கியம். மலை வேறு, ஆள் வேறு, பேச்சு வேறு. இந்தப் பெண் சொல்வது உண்மையென்றால் அதற்குச் சாட்சி அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் ஓடும்வரை மட்டுமே இருக்கும்.

நாங்கள் என்ன செய்தோம்? நிறம் எழுதினோம். மேசை, பழுப்பு. நாற்காலி, நீலம், கைப்பிடி உடைந்தது. நாள்காட்டி, பல வண்ணம். ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு நாடாவை அவிழ்த்து டாங்கிளைச் செருகினேன். அழகான கட்டம் ஒன்று திரையில் வந்தது. 'உரிமத்தைச் சரிபார்க்க இணையத்துடன் இணைக்கவும்.' குற்றம் நடந்த கணினியை அந்த அலுவலக இணைப்பில் மறுபடி சேர்க்கக் கூடாது என்பதால் அதன் இணைப்பை அப்போதுதான் கழற்றியிருந்தோம். ஆகவே உரிமத்துக்கு மட்டும் போனிலிருந்து இணைப்புக் கொடுக்க வேண்டும். ஆனைக்கரைக்கு மேலே அன்று எந்த போனிலும் சிக்னல் இல்லை. குரியன் சார் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் ஜன்னலாக நடந்தார்.

நடந்துகொண்டே அறையிலிருந்த எல்லோருக்கும் வகுப்பும் எடுத்தார். யாரும் எதையும் தொடக்கூடாது, ஓடுகிற பெட்டி உயிருள்ள சாட்சி, அணைத்தால் செத்துப்போகும். அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்த வசனங்கள்.

அப்போது முதல் இடி இடித்தது.

மலையில் ஐப்பசி மதியத்து இடியைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் இடி கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் எழுந்து டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி என்று எல்லாப் பிளக்கையும் உருவிப் போடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை, தும்மல் வந்தால் கை வாய்க்குப் போகிற மாதிரிதான். குரியன் சார் வீட்டில் மின்னல் இரண்டு டிவியைத் தின்றிருக்கிறது. "யாரும் தொடா..." என்று சொல்லிக்கொண்டே குனிந்து, சுவரிலிருந்த பிளக்கை ஒரே இழுப்பில் உருவிவிட்டார்.

உருவிய பிளக் கையிலிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பாய்ந்து வாங்கித் திரும்பச் செருகினேன். அதற்குள் மேலே ஃபேனும் நின்றது. ஊருக்கே கரண்டு போய்விட்டது. மேசைக்குக் கீழே இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரியில்தான் பெட்டி உயிரோடு இருந்தது, அதுவும் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"சார், என் பென் டிரைவ்..."

"போடெடோ!"

டாங்கிளை உருவிப் போட்டுவிட்டு சாவிக்கொத்தைச் செருகினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. உரிமமும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று சதவீதம் ஊர்ந்தது.

கதவருகே நின்ற எஸ்தர் சொன்னார்: "சார், அந்த பேட்டரி பழசு. நாலு நிமிசந்தான் நிக்கும். மானிட்டரும் பிரிண்டரும் அதுலதான் ஓடுது. ரெண்டையும் அணைச்சிருங்க. ஏழெட்டு நிமிசம் வரும்."

"ஸ்கிரீனை அணைக்கச் சொல்றா" என்றார் குரியன் சார் என் காதருகே. அவர் குரலில் இருந்த சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதைக் கேட்டு, சாட்சியத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொள்ள எந்தச் சுற்றறிக்கையிலும் இடமில்லை. ஆனால் முன்பு ஒருமுறை ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்த ஆள் நான். மானிட்டரை அணைத்தேன், பிரிண்டரை அணைத்தேன்.

அதன்பிறகு பார்ப்பதற்கு இருந்தது பென் டிரைவின் முனையில் மினுங்கிய ஒரு பச்சை விளக்கு மட்டும். குரியன் சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை கொட்டியது. யுபிஎஸ்ஸின் கத்தல் வேகமானது. எஸ்தரின் உதடு எதையோ முணுமுணுத்தது. ஜெபம் என்று நினைக்கிறேன். நானும் எனக்குத் தெரிந்த மாரியம்மனைக் கூப்பிட்டேன். விளக்கு மினுங்குவதை நிறுத்தியது. முடிந்ததா, மாட்டிக்கொண்டதா? மானிட்டரைப் போட்டேன். நூறு. கீழே, படியை யாரும் மாற்றவில்லை என்று பின்னால் நிரூபிப்பதற்கு, நீளமாக ஒரு சரிபார்ப்பு எண், அறுபத்து நான்கு எழுத்து. அதைத் தாளில் எழுதி முடித்துப் பென் டிரைவை முறைப்படி கழற்றவும் யுபிஎஸ் நீளமாக ஒரு முறை கத்திவிட்டுச் செத்தது.

மஹசரின் மிச்சத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதினோம். அறுபத்து நான்கு எழுத்தையும் குரியன் சார் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். பிளக் விஷயம் வந்தது. மேலதிகாரிக்கு உதவ வேண்டுமென்று எனக்குள் இருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான்.

"மின்தடையால்னு போட்டுடலாங்களா சார்? இல்லாட்டி எப்பவும் போல, அணைந்த நிலையில்..."

அவர் என் முன்னால் இருந்த தாளை விரலால் தட்டினார்.

"கரண்டு பின்னேதான போச்சு? முன்னே ஊரினது ஞான். அது எழுதெடோ." என் பேனா நகரவில்லை என்று கண்டு தாமே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். இடிச் சத்தம் கேட்டதும் விசாரணை அதிகாரி பழக்கத்தால் பிளக்கை உருவினார். கீழே கையெழுத்துப் போடுமுன் கேட்டார், "பிளக் நெறம் எழுதியோ?"

"கறுப்பு சார்" என்று சேர்த்தேன்.

பிரிவுக்குத் திரும்பி, படியெடுத்ததை முதலில் வண்ணக் கருவியில் போட்டோம். நூற்று இருபது பக்கம் அச்சானது. வட்ட வரைபடம், முத்திரை எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு வரி: சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை. எஸ்தரின் கதை அந்தப் பச்சை வரியோடு முடிந்திருக்க வேண்டியது. அதையே இலவசக் கருவியில் போட்டால், அது ஒன்றும் அச்சடிக்கவில்லை. இந்தக் கணினியின் பதிப்பு எனக்குப் புரியவில்லை, அதன் அமைப்பை விளக்கும் கோப்பைக் கொடு என்றது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வண்ணக் கருவிக்கும் அந்தப் பதிப்பு புரியவில்லை. ஆனால் கௌரவம் பார்த்து, தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், இல்லை என்று சொல்லிவிட்டது.

கோப்பைத் தேடிக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. பிறகு வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல் ஒன்று, டிஸ்கில் இல்லாமல் மெமரியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியே யாரோடு தொடர்பில் இருந்தது என்ற முகவரி. அந்த முகவரி, முந்தின வாரம் பிரிண்டர் சரிசெய்ய வந்துபோன ஆளிடம் கொண்டுபோய் விட்டது. மூன்று குடும்பமும் பட்டியலுக்குத் திரும்பியது. எஸ்தர் மறு வாரமே அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வரியைக் கோர்ட்டில் கொடுத்தால் வெலையில்லா என்பதால், குரியன் சார் அதற்கு வண்ண அட்டை போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்ய வைத்தார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிளக்கை உருவியது யார் என்று கர்ஜித்தபோது, மஹசரில் எழுதியிருக்கிறதே, நான்தான் என்றார். வக்கீல் மஹசரைப் புரட்டி, பிளக்கின் நிறம்வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

ரம்யாவின் படிவத்தில் நாற்பத்து மூன்று கேள்விக்கும் தெரியாது என்று எழுதினேன். கடைசியில், கருவிக்குப் புரியாத ஒன்றை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள், தெரியவில்லை என்று சொன்னால் வாங்குங்கள், இல்லை என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள் என்று சேர்த்தேன். எழுதி முடித்ததும் என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை. தங்கவேல் விஷயத்தில் தெரியாது என்று எழுத வேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதிய கருவி நான்தான்.

மறுநாள் காலை மீனாட்சிபுரம் போனேன். தங்கவேல் ஆறு மாடு வைத்திருக்கிறார். பாலைச் சங்கத்தில் ஊற்றுவதில்லை, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்புகிறார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க சார். பேயைப் புடிச்சுட்டீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை. அவர் மாட்டின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"இதயெல்லாம் எங்கிட்டச் சொல்லி என்னங்க பண்ண? நான் அழிக்கலீன்னு எனக்குத் தெரியும். எழுதிக் குடுங்க. அன்னைக்கு எழுதுனாப்பலயே. சாட்சியோட."

அன்றைய சாட்சிகளில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. காதர் பாயின் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "அன்னைக்கு நானும் சிரிச்சேனே தங்கவேலு" என்றார். இரண்டாவது சாட்சிக்குத் தங்கவேலின் மனைவி வந்தார்.

"ஊட்டுக்காரி கையெழுத்து செல்லுங்களா?"

"செல்லுங்க" என்றேன். செல்லாது என்று யாராவது சொன்னால் வந்து என்னைக் கேட்கட்டும்.

தவிட்டு மூட்டை மேல் தாளை வைத்து எழுதினேன். சாதனம் ஓடும் நிலையில் காணப்பட்டது. அதை அணைத்தது நான். வேறொருவர் நுழைந்ததற்கான அடையாளம் இல்லை என்று நான் எழுதியது தவறு. தேடும் வழியை நானே அழித்துவிட்டதால், இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. மவுஸ் தானாக ஓடியது என்று தங்கவேல் அப்போதே சொன்னார். நான் சிரித்தேன். சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

தங்கவேல் தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு உட்டுட்டீங்க சார்."

"என்னதுங்க?"

"அன்னைக்கு மேசை, சேரு, சொவத்துல இருந்த காலண்டரு வரைக்கும் கலர் எழுதுனீங்க. வயருக்கு மட்டும் எழுதலீங்க."

எனக்கு நினைவில்லை. எத்தனையோ வயர் பிடுங்கியிருக்கிறேன்.

"சாம்பலுங்க" என்றார் அவர். "பிளக்குகிட்ட செவப்பு டேப்பு சுத்தியிருக்கும். சாக்கடிக்குதுன்னு நாந்தான் சுத்துனனுங்க."

அதையும் எழுதினேன்.